ஜினாயிதா சொன்ன நூற்றுப்பத்து

எங்கள் க்ருஷினாவ்கா கிராமத்தில் கொசுக்கள் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும் என்று நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கூட்டுப்பண்ணைத் தலைவரின் தொப்பியைத் தலையோடு சேர்த்து விழுங்கப் பார்த்த மீனைப் பற்றிச் சொன்னாலும் சிரித்துவிட்டு, ரொட்டிமேல் இன்னொரு துண்டு பன்றிக்கொழுப்பை வைத்து நீட்டுவார்கள். ஜினாயிதா மட்டும் சிரிக்கமாட்டாள்.

"மீன் எவ்வளவு நீளம், எமிலியா?"

"மூணு மீட்டர் இருக்கும்."

"யாரு அளந்தா? எத வச்சு அளந்தாங்க?"

கதை அங்கேயே செத்துவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மாவும் வெளியில் புளுகுமூட்டையுமான என்னிடம், ஊரிலேயே அவள் ஒருத்திதான் எண்களைக் கேட்டவள்.

ஊர் மருத்துவ நிலையத்துக்கு இருபத்தொரு வயதில் வந்தாள். முழு டாக்டர் இல்லை, வெறும் நர்ஸும் இல்லை. பிரசவம் பார்ப்பாள், பல் பிடுங்குவாள், ஊசி போடுவாள், குடிகாரர்களை உருளைக்கிழங்கு மூட்டைபோல உருட்டிப்போட்டு நாடி பார்ப்பாள். வந்த முதல் வாரமே கடைத் தராசு நாற்பது கிராம் தப்பு என்று கண்டுபிடித்தாள். கடைக்காரி மூன்று வருடம் அவளுடன் பேசவில்லை. ஜுரம் பார்க்கப் போனால் வெப்பமானியை இரண்டு முறை வைப்பாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை. அதற்குள் பாதிப் பேருக்கு ஜுரமே இறங்கிவிடும்.

கால்வாய் வெட்டும் இயந்திரம் ஓட்டிய திமஃபேயைக் கல்யாணம் செய்துகொண்டாள். வயிற்றில் தங்காமல் மூன்று போயின. முப்பத்து நான்கு வயதில் நான்காவதாக ஒரு பெண் தங்கினாள். உல்யானா. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது பனி உடைந்து திமஃபேய் ஆற்றுக்குள் போனான். அதன்பிறகு அவள் வீட்டில் இருந்தது அவளும் உல்யாவும் மலீனா என்ற செம்பட்டைப் பசுவும்தான். உல்யாவின் குரல் அப்படி ஒரு குரல். அவள் முற்றத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டால் பக்கத்து ஊரில் மூன்று அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்வேன். இதை மட்டும் ஜினாயிதா அளக்கச் சொன்னதில்லை.

செர்னோபில் அணு உலை வெடித்த வருடம் உல்யாவுக்கு நான்கு வயது. அந்த வாரம்தான் குளிர்காலம் முழுக்க வைக்கோல் தின்ற மாடுகளைப் புதுப்புல்லுக்கு அவிழ்த்துவிட்டிருந்தோம். முதல் புல் தின்ற பாலைக் கறந்த சூட்டோடு பிள்ளைகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதில் ஒரு மஞ்சள் இருக்கும், ஒரு மணம் இருக்கும். ஆறு மாதம் காத்திருந்த பால். யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்தோம். பிள்ளைகள் பால்மீசையோடு நின்று இன்னும் கேட்டன. இன்னும் கொடுத்தோம்.

மே பாதி கழிந்தபின் ஒரு ஜீப் வந்தது. பச்சைப் பெட்டி ஒன்றை மருத்துவ நிலையத்தில் இறக்கினார்கள். பெட்டியில் ஒரு முள், வயரில் தொங்கும் ஒரு குழல். பிள்ளைகளின் கழுத்தில் குழலை வைத்து முள் காட்டுவதை எழுத வேண்டும். உலையிலிருந்து காற்றில் வந்து பாலில் இறங்கிய அயோடின் கழுத்துச் சுரப்பியில் போய் உட்கார்ந்திருக்கும், எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும், ஆகையால் இப்போது அளந்தால்தான் உண்டு என்று ஜீப்பில் வந்தவர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார். முந்நூறுக்கு மேல் காட்டும் பிள்ளைகளைத் தனிப் பட்டியலில் போட வேண்டுமாம். அவர்களைப் பேருந்தில் ஏற்றித் தெற்கே கடற்கரைப் பக்கம் அனுப்புவார்களாம். எத்தனை நாளைக்கு என்று தோம்னா கேட்டாள். தோம்னா எங்கள் பால்பண்ணையில் வேலை செய்பவள், அவள் மகன் மித்யாவுக்கு அப்போது ஐந்து வயது. "தெரியாது," என்றார் அவர். அம்மாக்கள் கூடப் போகலாமா என்று கேட்டாள். "கூடாது."

மறுநாள் பள்ளிக்கூட நடையில் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதால், தாய்மார் எல்லோரும் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, துவைத்து வேலியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக் கூட்டி வந்திருந்தார்கள். ஜினாயிதா முதல் பிள்ளையின் காலரில் குழலை வைத்தாள். முள் குதித்தது. சட்டையைக் கழற்றி மேசையில் போட்டு, அதன்மேல் வைத்தாள். மறுபடி குதித்தது.

"எல்லாரும் சட்டையக் கழட்டுங்க," என்றாள்.

"குளிருது ஜினாயிதா! பிள்ளைங்க செத்துப்போயிடும்!"

"சட்டையில தூசி. நான் அளக்க வந்தது கழுத்த. உங்க இஸ்திரிய இல்ல."

ஒவ்வொரு கழுத்தையும் ஓட்கா நனைத்த பஞ்சால் துடைத்தாள். கழுத்தில் ஒருமுறை, தொடையில் ஒருமுறை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் எழுதினேன். காலையில் தொடங்கியது மாலை வரை போயிற்று. ஓட்காவை வீணாக்குகிறாள் என்று வாசலில் நின்ற ஆம்பளைகள் கண்ணீர் விட்டார்கள்.

மித்யாவுக்கு நானூற்று முப்பது. தோம்னா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கொறச்சு எழுதுக்கா. இருநூறுன்னு எழுது. உன் கால்ல விழறேன். அவன் நான் இல்லாம தூங்கமாட்டான்."

"முள்ளு நானூத்தி முப்பது காட்டுது."

"முள்ளுக்குப் பிள்ள இருக்கா?"

"எழுது எமிலியா. நானூத்தி முப்பது."

எழுதினேன். மித்யா மூன்று மாதம் கடற்கரையில் இருந்தான். திரும்பி வந்தபோது தோம்னாவை "நீங்க" என்று கூப்பிட்டான்.

உல்யா கடைசியாக நின்றாள். தன் பிள்ளையைக் கடைசியில் வைப்பதுதான் முறை என்று ஜினாயிதாவே நிறுத்தியிருந்தாள். துடைத்தாள், வைத்தாள். முள் போன இடத்தை நானும் பார்த்தேன். மறுபடி துடைத்தாள். தோல் சிவந்துபோயிற்று. மறுபடி வைத்தாள். மூன்றாவது முறையும். மூன்றும் ஒத்துப்போயின. கழித்தால் தொள்ளாயிரத்து எண்பது. உல்யா குழல் கூசுகிறது என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நூத்திப்பத்து," என்றாள் ஜினாயிதா.

நான் பென்சிலைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பொத்தான்களை மாற்றிப் போட்டாள். நான் நூற்றுப்பத்து என்று எழுதினேன். ஆயுளில் எத்தனையோ புளுகியிருக்கிறேன். காகிதத்தில் புளுகியது அந்த ஒருமுறைதான்.

ஜூலை வந்ததும் ஊரில் மிஞ்சியிருந்த எல்லாக் கழுத்திலும் முள் அசையாமல் படுத்துக்கொண்டது. அயோடின் போய்விட்டது. இனி எந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் மே மாதத்தைத் திரும்ப அளக்க முடியாது. மிஞ்சியது பதிவேடு மட்டும். அதை ஜீப்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாறு வருடம் கழித்துப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளின் கழுத்தில் குறுக்கே தையல் தழும்புகள் தெரிய ஆரம்பித்தன. பெண்பிள்ளைகள் பாசிமணி போட்டு மறைத்தார்கள். அப்போதுதான் ஆராய்ச்சிக்காரர்களின் வெள்ளைப் பேருந்து வந்தது. உள்ளே ஒரு திரை, ஒரு கட்டில். கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டும் கருவி. அரிசி அளவுக் கட்டியைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அந்தப் பேருந்து எங்கள் ஊருக்கு வந்த காரணம் ஜினாயிதாவின் பதிவேடுதான். வட்டாரத்திலேயே சட்டையைக் கழற்றிக் கழுத்தைத் துடைத்து அளந்த ஊர் எங்களுடையது ஒன்றுதானாம். அதிலிருந்து அறுபத்தோரு பேரை, முந்நூறில் போட்ட சிவப்புக் கோட்டுக்கு மேலிருந்தவர்களை, ஒவ்வொரு வசந்தத்திலும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மித்யாவைப் பார்த்தார்கள். கோட்டுக்குக் கீழிருந்தவர்களைக் கூப்பிடவில்லை. உல்யாவைக் கூப்பிடவில்லை.

ஜினாயிதா அவளை ஹோமெல் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு இரண்டு முறை கூட்டிப் போனாள். முதல்முறை கருவி பழுது. இரண்டாம் முறை மேசையிலிருந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நூத்திப்பத்தா? நானூறு, ஐந்நூறெல்லாம் நாலு மாசமா வெளியில நிக்குதும்மா. உங்களுக்கு என்ன அவசரம்?" என்றாளாம். அந்தப் பட்டியலை எழுத வைத்தது தான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். நூற்றுப்பத்து என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை தோறும் குளியல் குடிசையில் ஆவி ஏறியதும், அவள் உல்யாவின் பின்னால் நின்று இரண்டு கை விரல்களாலும் கழுத்தைத் தடவுவாள். உல்யாவுக்கு அது விளையாட்டு. "அம்மா என்னக் கழுத்த நெரிச்சுக் கொல்லப் பாக்குது!" என்று கத்துவாள். தெரு முழுக்கக் கேட்கும்.

பிறகு இக்னாத் வந்தான். ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய ஆள், முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை, காலணியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருவான். அவன் கையில் கேள்வித்தாள். அந்த மே மாதத்தில் உங்கள் பிள்ளை தினம் எவ்வளவு பால் குடித்தது? யார் வீட்டு மாடு? எந்தத் தேதியில் புல்லுக்கு விட்டீர்கள்? அந்தக் கணக்கை முள்ளின் கணக்கோடு ஒத்துப்பார்ப்பார்களாம்.

ஒன்பது வருடத்துக்கு முன் குடித்த பாலை யார் நினைவு வைத்திருப்பார்கள்? பாலே கொடுக்கவில்லை என்று சில தாய்மார் அழுதார்கள். வேறு சிலரோ, பிள்ளைக்குப் பால் கொடுக்காதவள் என்ற பெயர் வந்துவிடக் கூடாதென்று வாளிக்கணக்கில் சொன்னார்கள். தோம்னா, "மூணு லிட்டர் எழுதுங்க தம்பி. நம்ம வீட்டுல பாலுக்கு என்ன பஞ்சம்?" என்றாள். இக்னாத் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு தலையைச் சொறிந்தான். என் வீட்டில் உருளைக்கிழங்கு அடையும் பாலாடையும் தின்றபடி, "உங்க ஊர்ப் பிள்ளைங்க குடிச்ச பாலுக்கு ஆயிரம் மாடு வேணும், டீச்சர்," என்று சிரித்தான். நானும் சும்மா இருக்காமல் மீன் கதையை எடுத்துவிட்டேன். அன்றைக்கு மீன் ஐந்து மீட்டர்.

ஜினாயிதா அவனிடம் உண்மையைச் சொன்னாள். "ரெண்டு லிட்டர். கறந்த சூட்டோட. ஏப்ரல் இருபத்தஞ்சுலேர்ந்து மாடு புல்லுலதான் மேஞ்சுது."

"அப்படின்னா உங்க பொண்ணுக்கு முள்ளு ஆயிரம் காட்டியிருக்கணும். நூத்திப்பத்துதானே இருக்கு? நீங்களும் மத்த அம்மாக்கள் மாதிரி கொஞ்சம் கூட்டிச் சொல்றீங்க போல."

அன்று பிற்பகல் ஜினாயிதா என் வீட்டுக்கு வந்தாள். முன்பக்கப் பொத்தான் ஒன்றைத் தவறிப் போட்டிருந்தாள்.

"எமிலியா, நான் சொல்லப்போறேன். நீ சாட்சி சொல்லு. முள்ளு எங்க நின்னுதுன்னு நீயும் பாத்த."

"பாத்தேன். சொன்னா உன் வேலை போகும்."

"போகட்டும். அவ பேரு கோட்டுக்கு மேல போகணும். அவ்வளவுதான் எனக்கு."

இக்னாத் மருத்துவ நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் நின்றுகொண்டே சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல், வெப்பமானி படிப்பதுபோல. மூன்று முறை வைத்தது, மூன்றும் ஒத்துப்போனது, கழித்துவந்த எண், வாயால் சொன்ன எண், ஏன் சொன்னாள் என்பது எல்லாம். அவன் முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோவாக மாறியது.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்," என்றேன். "தொள்ளாயிரத்து எம்பது."

அவன் என்னைப் பார்த்தான். கேலி இல்லை அதில். அதுதான் வலித்தது.

"டீச்சர், அந்த மீன் போன மாசம் மூணு மீட்டர்னு தோம்னா சொன்னாங்க. எங்கிட்ட அஞ்சுன்னீங்க. உங்க பேர சாட்சின்னு போட்டு நான் என்னன்னு அனுப்புவேன்?"

அந்த மீனைச் சபித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக.

"என் பொண்ணோட நம்பர மட்டும் திருத்துங்க," என்றாள் ஜினாயிதா. "மத்த நூத்தி நாப்பத்திரெண்டும் சரி. சத்தியமா சரி."

"நீங்க சொல்றத நான் நம்பறேன்க்கா. ஆனா காகிதம் நம்பாது. ஒண்ண மாத்தின கை இன்னொண்ண மாத்தலன்னு யாரு சொல்றது? கேட்டதுக்கப்புறம் நான் கேக்காத மாதிரி இருக்கவும் முடியாது."

"அன்னிக்கே அனுப்பியிருந்தா," என்று அவள் மெல்லக் கேட்டாள், "அவளுக்கு அது கொறஞ்சிருக்குமா?"

அவன் தாளைப் பார்த்தபடி சொன்னான். "மே பாதியிலயா? பெரும்பாலும் இல்லக்கா. பாலு செய்யறத முதல் ரெண்டு வாரத்துலயே செஞ்சு முடிச்சிருச்சு."

ஆறுதலாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பான்.

இலையுதிர்காலத்தில் கடிதம் வந்தது. க்ருஷினாவ்கா பதிவேட்டின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பதால் ஆய்விலிருந்து நீக்கப்படுகின்றன. இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வட்டாரச் சராசரி வைத்துக்கொள்ளப்படும். வட்டாரச் சராசரியில் நகரத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், கடைப்பால் குடித்தவர்கள், பால் பிடிக்காதவர்கள், அந்த மாதம் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தவர்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் நூற்றெழுபது வந்தது. ஊரே சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனது. அடுத்த வசந்தத்தில் வெள்ளைப் பேருந்து நெடுஞ்சாலையில் எங்கள் திருப்பத்தைத் தாண்டிப் போனதை நானே நின்று பார்த்தேன்.

கடிதத்தை ஊர் மன்றத்தில் வாசித்தபோது தோம்னா எழுந்தாள்.

"உன் பிள்ளைக்கு நூத்திப்பத்து. என் பிள்ளைக்கு முள்ளு காட்டினது. அப்படித்தானேடி?"

ஜினாயிதா தலையாட்டினாள்.

"நான் கால்ல விழுந்தேன். முள்ளு, முள்ளுன்னே. மூணு மாசம் என் பிள்ளைய என்கிட்டேர்ந்து பிரிச்சே. இப்ப பேருந்தையும் பிரிச்சுட்டே. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? ஒண்ணு அன்னிக்கே உண்மையச் சொல்லியிருக்கணும், இல்ல கடைசி வரைக்கும் பொய்யே சொல்லியிருக்கணும்!"

அதன்பின் ஜினாயிதாவின் வேலியைக் கடந்துபோன பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். வேலையிலிருந்து மட்டும் யாரும் அவளை எடுக்கவில்லை. எங்கள் பக்கம் வேலைக்கு வர வேறு ஆள் இல்லை.

அந்தப் பேருந்து தாண்டிப்போன வசந்தத்திலேயே, ஒரு சனிக்கிழமை, குளியல் குடிசையில் அவள் விரல்கள் இடப்பக்கம் நின்றுவிட்டன. பட்டாணி அளவு. தண்ணீரை விழுங்கச் சொன்னாள். விழுங்கும்போது கட்டியும் ஏறி இறங்கியது. உல்யாவுக்குப் பதினான்கு வயது. அன்றைக்குக் கத்தாமல் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

விரலுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்த கட்டி அதற்கு முன்பே வேறு இடங்களுக்குப் போயிருக்கும். போயிருந்தது. தலைநகர் மின்ஸ்கில் கழுத்தைத் திறந்தார்கள். சுரப்பியையும் பக்கத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். நுரையீரலில் தூவினாற்போல் கிடந்ததை எடுக்க முடியவில்லை. அதற்கு மருந்தென்று ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் எதையோ கொடுத்து, ஈயக் கதவு வைத்த அறைக்குள் தனியாகப் படுக்க வைத்தார்கள். கதவுக்கு வெளியே நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்.

"அம்மா, இது என்ன மருந்து?"

"அயோடின்."

"நல்ல அயோடினா?"

"அதே அயோடின்தான் கண்ணு."

இதை அவள் அந்தக் குழந்தையிடம் மறைத்திருக்கலாம். அவளால் இனி முடியவில்லை. ஒருமுறை செய்தது ஆயுளுக்கும் போதுமானதாக இருந்தது. நூற்றுப்பத்தையும் அங்கேயே, கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். உள்ளிருந்து உல்யா, "கடலப் பாத்திருப்பேன் இல்ல?" என்றாள். சொன்னது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கழுத்தை வெட்டும்போது குரல் நரம்பு ஒன்று போயிருந்தது. இப்போதும் அவள் முற்றத்தில் நின்று கூப்பிட்டால் அடுப்பங்கரை வரை வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்ஸ்குக்குப் போகிறாள். ஒவ்வொரு முறையும் அந்தக் குவளை. ஒவ்வொரு முறையும் படத்தில் தூவல் அப்படியே கிடக்கிறது, அல்லது கொஞ்சம் கூடியிருக்கிறது.

போன வாரம் மருத்துவ நிலையத்தில் ஜினாயிதாவுக்குத் தேநீர் கொண்டுபோயிருந்தேன். கதவு திறந்தது. தோம்னா, அவளுக்குப் பின்னால் அவளைவிட ஒரு தலை உயரமாய் மித்யா. அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் இன்னும் நாலைந்து பெண்கள், தங்கள் பிள்ளைகளோடு. தோம்னா நாற்காலியை இழுத்து மகனை உட்கார வைத்தாள். அவன் சட்டைக் காலரை அவளே விலக்கினாள்.

"பாரு," என்றாள். மூன்று வருடத்தில் ஜினாயிதாவிடம் அவள் பேசிய முதல் சொல்.

ஜினாயிதா கையைக் கழுவினாள். பஞ்சை நனைத்துக் கழுத்தைத் துடைத்தாள். பழைய வழக்கம், இப்போது அதற்கு அர்த்தமே இல்லை. விரல்களை வைத்து வெகுநேரம் தடவினாள். விழுங்கச் சொன்னாள். மறுபடியும். மூன்றாவது முறையும்.

"என் விரலுக்கு எதுவும் படல."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"படலன்னுதான் சொல்லுவேன். அரிசி மாதிரி இருந்தா விரலுக்குத் தெரியாது, தோம்னா. தெரியற அளவுக்கு வந்தா அதுக்கப்புறம் பாத்து என்ன ஆகும்னு என் வீட்டுல வந்து பாரு."

"எழுதிக் குடு. படலன்னாவது எழுதிக் குடு."

"நான் எழுதமாட்டேன்."

தோம்னா என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ எழுது டீச்சர். அன்னிக்கு எழுதினியே."

மேசை இழுப்பறையில் ஒரு பழைய நோட்டு இருந்தது. எடுத்து, மித்யா என்று எழுதி, தேதி போட்டேன். அதற்கு எதிரே எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஜினாயிதா புதுப் பஞ்சை நனைத்துக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்து, அடுத்த பிள்ளையை வரச் சொன்னாள்.